மனசுக்கு மாத்திரை, உடம்பை யார் பார்ப்பது?

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு மாதாமாதம் போய்வரும் ஒருவரின் ஓ.பி. நோட்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். தேதி இருக்கும். மாத்திரைகளின் பெயர் இருக்கும். காலை ஒன்று, இரவு இரண்டு என்று எழுதியிருக்கும். அடுத்து வரவேண்டிய நாளும் இருக்கும். நான் அந்த நோட்டில் தேடுவது வேறு. எடை எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு, ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்ற மூன்று எண்களை. எங்கள் பகுதிக் காலனிகளில் என் கைக்கு வந்த நோட்டுகளில் பெரும்பாலானவற்றில் அவை இல்லை. ஏழெட்டு வருடமாக ஒரே மாத்திரையை விழுங்கிவரும் ஆளின் நோட்டிலும் இல்லை.

சர்க்கரைக்கு மாத்திரை வாங்குகிறவரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் பார்க்காமல் அனுப்புவதில்லை. மனநோய்க்கு மாத்திரை வாங்குகிறவருக்கு உடம்பு என்று ஒன்று இருப்பது மட்டும் எல்லோருக்கும் மறந்துபோகிறது.

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். மனச்சிதைவு, இருமுனை மனநோய், தீவிர மனச்சோர்வு போன்ற கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தற்கொலைதான் காரணமாக இருக்கும் என்று நமக்குத் தோன்றும். தற்கொலையும் ஒரு காரணம். ஆனால் பெரும்பகுதிச் சாவுகள் மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை, நுரையீரல் நோய், தொற்றுநோய் என்று உடம்பில் வரும் நோய்களால் நடக்கின்றன. அவற்றில் அநேகம் முன்கூட்டியே பார்த்திருந்தால் தடுத்திருக்கக்கூடியவை. இதற்காகவே 2018-ல் அந்த நிறுவனம் தனியாக ஒரு வழிகாட்டி நெறியை வெளியிட்டது.

இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தியாவில் ஒன்பது மாநிலங்களின் தரவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2022-ல் வெளியானது. உயர்த்தப்பட்ட சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் சராசரி ஆயுள் மூன்று ஆண்டுகளுக்கும் மேல் குறைவு, ஆதிவாசிகளுக்கு நான்கு ஆண்டுகளுக்கும் மேல் குறைவு என்று அது காட்டியது. தமிழ்நாடு அந்த ஒன்பதில் இல்லை. நம் மாநிலத்தில் மருத்துவக் கட்டமைப்பு மேலானது என்பதையும் மறுக்கவில்லை. ஆனாலும் சாதி ஆயுளில் கைவைக்கிறது என்பதற்கு இது கண்ணால் பார்க்கக்கூடிய சான்று. பிறந்த தெருவால் ஒரு கழித்தல். மனநோயால் அதன்மேல் இன்னொரு கழித்தல். இரண்டும் ஒரே ஆள்மேல் விழும்போது என்ன ஆகிறது என்று யாரும் தனியாக எண்ணிப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. எண்ணாததால் அவர்கள் சாவது நிற்கவில்லை.

ராத்திரியெல்லாம் தண்ணீர்

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். அந்த ஆளுக்கு நாற்பது வயதிருக்கும். செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். இருபத்திரண்டு வயதில் காதில் குரல் கேட்க ஆரம்பித்தது. வழக்கம்போல முதலில் கோயில், மந்திரித்த கயிறு, வேப்பிலை அடி. மூன்று வருடம் அப்படிப் போனது. பிறகு தாலுகா ஆஸ்பத்திரியில் மாத்திரை. மாத்திரை வேலை செய்தது, அதைச் சொல்ல வேண்டும். குரல்கள் அடங்கின. நூறு நாள் வேலைக்கு வந்தார். தங்கச்சி கல்யாணத்தில் பந்தியில் பரிமாறினார்.

அதன்பிறகு ஆஸ்பத்திரிக்கு அவர் போவது நின்றுபோனது. அவருடைய அம்மா மட்டும் நோட்டை எடுத்துக்கொண்டு போய் மாத்திரை வாங்கிவருவார். இரண்டு பேர் போனால் இரண்டு கூலி போகும். தவிர, பஸ்ஸில் மகனை எல்லோரும் திரும்பிப் பார்ப்பதை அந்த அம்மாவால் தாங்க முடியவில்லை. இப்படி ஆளைப் பார்க்காமலே மாத்திரை கொடுப்பது நம் பக்கத்தில் பரவலாக நடக்கிறது. மாத்திரை நிற்காமல் இருக்கிறதே என்ற அளவில் அது நல்லதுதான். ஆனால் மருத்துவர் கண்ணில் அந்த உடம்பு நான்கு வருடமாகப் படவே இல்லை.

அந்த நான்கு வருடத்தில் அவர் நன்றாகப் பெருத்தார். "மாத்திர ஒத்துக்கிச்சு, தேறிட்டான்" என்று தெருவே சொன்னது. பட்டினி கிடந்த தெருவில் சதை போடுவதை நோயென்று யார் நினைப்பார்கள்?

பிறகு அந்த அம்மா என்னிடம் சொன்னது இது: "ராத்திரியெல்லாம் தண்ணியா குடிப்பான் தம்பி. கொடத்துல வச்சிருந்தா விடியறதுக்குள்ள காலி. நூறு வாட்டி எழுந்து வெளிய போவான். நான் என்னாத்த கண்டேன், பைத்தியம் முத்திப்போச்சுன்னு நெனச்சேன்."

அடுத்த முறை மருத்துவமனையில் அதையே சொல்லியிருக்கிறார். இரவு மாத்திரை ஒன்று கூடியது. மனநோய் உள்ளவர்களில் சிலர் காரணமில்லாமல் ஏராளமாகத் தண்ணீர் குடிப்பது உண்டு. மருத்துவர்கள் அறிந்த விஷயம் அது. ஆனால் அப்படி முடிவு கட்டுவதற்கு முன்னால் ஒரு சொட்டு ரத்தம் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

செருப்பில்லாத காலில் முள் ஏறியது. புண் ஆறவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அவசரப் பிரிவில் நோட்டைப் பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "மென்டல் கேஸா? ஆம்பள யாராச்சும் கூட வந்திருக்காங்களா?" என்பது. மனநலப் பிரிவுக்கு எழுதி அனுப்பினார்கள். அங்கே அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு எழுதினார்கள். அங்கிருந்து மறுபடி இங்கே. இப்படியே இரண்டு நாள். சர்க்கரை பார்த்தபோது 400-க்கு மேல். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். காலை எடுக்காமல் விட்டார்களே என்று அந்த அம்மா கும்பிட்டார்.

மாத்திரை உடம்பில் என்ன செய்கிறது

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அழுத்திச் சொல்கிறேன். மனநோய்க்கான மருந்தைத் தானாக நிறுத்தினால் நோய் திரும்பி வரும், பல சமயம் முன்பைவிட மோசமாக. மருந்தும் வேண்டும், அந்த மருந்து உடம்பில் செய்வதைக் கவனிக்கவும் வேண்டும். இரண்டும் நோயாளியின் உரிமை.

ஓலான்சபின், குளோசபின் ஆகிய இரண்டு மருந்துகளும் பசியைத் தூண்டி எடையைக் கூட்டும். ரத்தத்தில் சர்க்கரையையும் கொழுப்பையும் ஏற்றும். எடை ஏறுவது முதல் மூன்று மாதத்திலேயே தெரிந்துவிடும். அதனால்தான் இந்த வகை மருந்துகளைத் தொடங்கும் நாளிலேயே எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்து எழுதிவைக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவ அமைப்புகள் 2004-லேயே கூடிப் பேசி வகுத்தன. 4, 8, 12 வாரங்களில் எடை. 12-வது வாரம் சர்க்கரை. பிறகு வருடா வருடம். இடுப்பை அளக்க ஒரு தையல் டேப் போதும். நம் நாட்டவர்க்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80. அதற்கு மேல் போனால் எச்சரிக்கை.

எடை கூடினால் மருந்தை மாற்றிப் பார்க்கலாம். அது முடியாவிட்டால் சர்க்கரைக்குத் தரும் மெட்பார்மின் மாத்திரையைச் சேர்த்துப் பார்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. இதையெல்லாம் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் எடை எவ்வளவு என்றே தெரியாத மருத்துவர் எதை வைத்து முடிவு செய்வார்?

"எடையைக் குறைங்க, பழம் காய்கறி சாப்பிடுங்க" என்று சொல்லி அனுப்புவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று வேளையும் ரேஷன் அரிசிச் சோற்றில் ஓடுகிற வீடு அது. ஆப்பிள் விலையைச் சொல்லி இவர்களைக் குற்றவாளியாக்க வேண்டாம். சோற்றைக் கொஞ்சம் குறைத்துக் கீரையையும் பயறையும் கூட்டச் சொல்லலாம். கேழ்வரகுக் கூழாக இருந்தாலும் அளவோடு குடிக்கச் சொல்லலாம். தினம் ஏரிக்கரையில் அரைமணி நேரம் நடக்கச் சொல்லலாம். கூட ஒரு ஆள் நடந்தால் நடப்பார்கள்.

ரிஸ்பெரிடோன் பற்றிச் சொல்ல வேண்டியது பெண்கள் சம்பந்தப்பட்டது. இந்த மருந்து சிலருக்கு மாதவிலக்கை நிறுத்திவிடும். சிலருக்கு மார்பில் பால் சுரக்கும். மருந்தால் உடம்பில் ஒரு சுரப்பு நீர் கூடுவதால் வருவது இது. சொன்னால் மருத்துவர் அளவைக் குறைப்பார், அல்லது மருந்தை மாற்றுவார். ஆனால் கல்யாணமாகாத, ஏற்கெனவே "புத்தி சரியில்லாத பொண்ணு" என்று பெயர் வாங்கிய ஒரு பெண்ணுக்கு மூன்று மாதம் குளிக்காமல் இருந்தால் தெரு என்ன பேசும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அடி விழுந்த பிறகுதான் சிறுநீர்ப் பரிசோதனைக்கே கூட்டிப்போனார்கள். மருந்து கொடுக்கும்போதே இரண்டு வரி சொல்லியிருந்தால் அந்த அடி விழுந்திருக்காது.

லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் அந்த மருந்தின் அளவையும், தைராய்டையும், சிறுநீரகத்தையும் குறிப்பிட்ட இடைவெளியில் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் களையெடுத்து, வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் இருந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகும். உடம்பு வலிக்குப் பெட்டிக்கடையிலும் மருந்துக்கடையிலும் வாங்கிப் போட்டுக்கொள்ளும் டைக்ளோபினாக், ஐபுபுரூபன் மாத்திரைகளும் அதை ஏற்றும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் வலி மாத்திரை போடாத நாள் எது? கை அதிகமாக நடுங்கினால், தள்ளாடினால், வாந்தியும் பேதியும் வந்தால் உடனே ஓட வேண்டும்.

குளோசபின் சிலருக்கு ரத்த வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும். ஆரம்ப மாதங்களில் வாராவாரம் ரத்தம் பார்ப்பது அதற்காகத்தான். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் சளி என்று விடக்கூடாது. கடுமையான மலச்சிக்கலும் வரும். அதுவும் உயிருக்கே ஆபத்தாகக்கூடியது. வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருப்பவர்கள்தான் அதிகம். பீடி பற்றியும் சொல்லிவிடுகிறேன். புகைப்பவர்களுக்கு ஓலான்சபினும் குளோசபினும் ரத்தத்தில் குறைந்த அளவே தங்கும். பீடியை விட்டால் மருந்தின் அளவு ஏறும். பீடியை விடுவது நல்லது, விட்டதை மருத்துவரிடம் சொல்வது அதைவிட முக்கியம்.

ஒரு சொல் மற்றதை மறைக்கும்

நோட்டில் "மனநோய்" என்று எழுதியிருந்தால், நெஞ்சு வலிக்கிறது என்றாலும் அது மனநோய்தான். வயிறு எரிகிறது என்றாலும் மனநோய்தான். ஒரு பெயர் மற்ற எல்லா நோயையும் மூடி மறைத்துவிடுகிறது. உலகம் முழுக்க மருத்துவர்களே ஒப்புக்கொண்டிருக்கும் குறை இது. நம் ஊரில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பெயர்கள் ஒட்டியிருக்கின்றன. "குடிகாரன்" என்பது ஒன்று. "காலனிக்காரன்" என்பது மற்றொன்று. மூன்று போர்வைக்கு அடியில் கிடக்கும் மாரடைப்பை எந்த ஸ்டெதஸ்கோப் கண்டுபிடிக்கும்?

உடம்பைப் பார்ப்பது என்றால் தொட்டுப் பார்ப்பது. நாடி பிடிப்பதும், வயிற்றை அழுத்துவதும், காலில் வீக்கம் இருக்கிறதா என்று விரலால் அமுக்குவதும் தொடுதல்தான். தீண்டாமையை விட்டுவிட்டோம் என்று சொல்லும் நாட்டில், அழுக்கு வேட்டியோடு தனக்குள் பேசிக்கொண்டு நிற்கும் ஒரு சேரி மனிதரை எத்தனை கைகள் தயங்காமல் தொடுகின்றன? தொடாமலே மாத்திரை எழுத முடிகிற ஒரே பிரிவு மனநலப் பிரிவு. அதனால் அந்தத் தயக்கம் யார் கண்ணுக்கும் படாமல் தப்பிவிடுகிறது. எல்லா மருத்துவர்களையும் சொல்லவில்லை. வரிசையில் நிற்கும் அத்தனை பேரையும் ஒரே ஆளாகப் பார்த்து முடிக்க வேண்டிய மருத்துவரிடம் தொட்டுப் பார் என்று கேட்பது கொஞ்சம் அநியாயமும்கூட. மாவட்ட மனநலத் திட்டம் பல இடங்களில் ஒற்றை மனநல மருத்துவரை வைத்துத்தான் ஓடுகிறது.

மறுபக்கமும் ஒன்று உண்டு. உடம்பு நோய் மனநோய் வேடம் போட்டு வரும். தைராய்டு குறைந்தாலும் கூடினாலும் மனசு மாறும். பி12 சத்துக் குறைவிலும், மூளைக் காய்ச்சலிலும் குழப்பம் வரும். காசநோய்க்குத் தரும் ஐசோநியாசிட் அபூர்வமாகச் சிலருக்கும், மருந்துக்கு அடங்காத காசநோய்க்குத் தரும் சைக்ளோசெரின் இன்னும் சிலருக்கும் மனப்பிறழ்வை உண்டாக்கும். தினமும் குடித்த ஆள் திடீரென்று நிறுத்தினால் இரண்டாம் மூன்றாம் நாளில் உடம்பு நடுங்கி, இல்லாத பாம்பையும் பூச்சியையும் பார்த்துக் கத்துவார். மாலை போட்டுக் குடியை நிறுத்திய ஆளுக்கு இது வந்தால் சாமி வந்துவிட்டது என்கிறோம், இல்லாவிட்டால் பேய் என்கிறோம். அது உயிரைப் பறிக்கக்கூடிய அவசர நிலை. நேற்றுவரை நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் ஆள் அடையாளம் தெரியாமல், நேரம் காலம் தெரியாமல் பேசினால் கோயிலுக்கும் வேண்டாம், மனநல மருத்துவர் வரும் நாளுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

தமிழ் படித்தவன் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பித்து என்ற சொல்லைப் பித்தம் என்ற சொல்லிலிருந்து பிரிக்க முடியாது. மனசு கலங்குவதை உடம்பில் ஓடும் ஒரு நீரோடு சேர்த்துத்தான் நம் மொழி பேசியிருக்கிறது. உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரிவதற்குத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்று பெயர் வைத்து ஓர் இயலே ஒதுக்கியிருக்கிறது. ஆஸ்பத்திரியில்தான் மனசுக்கு ஒரு கட்டடம், உடம்புக்கு ஒரு கட்டடம். பித்தன் என்பதைச் சிவனுக்குச் சொன்னால் பக்தி, சேரிக்காரனுக்குச் சொன்னால் சங்கிலி என்பது வேறு கதை.

ஏர்வாடிக்குப் பிறகு

சங்கிலி என்றதும் ஏர்வாடி ஞாபகம் வராமல் இருக்காது. 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் விடியற்காலையில் தீப்பிடித்தது. கட்டிப்போடப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிச் செத்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. அந்தக் கொட்டகைகள் மூடப்பட்டன.

இப்போது இருப்பது 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018-ல் நடைமுறைக்கு வந்தது. எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது அதன் 95-வது பிரிவு. சிகிச்சை பெறுவதை உரிமை என்று சொல்கிறது 18-வது பிரிவு. சாதியின் பேரால் அதில் பாகுபாடு காட்டக்கூடாது என்று சாதி என்ற சொல்லையே போட்டு எழுதியிருக்கிறார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு, அதற்கான அட்டை இல்லாவிட்டாலும், மனநலச் சிகிச்சை இலவசம் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது 21-வது பிரிவு. எல்லா மருத்துவச் சேவைகளிலும் மனநோய் உள்ளவரை உடல்நோய் உள்ளவருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது அது. அவசரச் சிகிச்சையும் ஆம்புலன்சும் அதே அளவில், அதே தரத்தில் கிடைக்க வேண்டும். "மென்டல் கேஸ்" என்று சொல்லி இரண்டு நாள் அலையவிடுவது இந்தப் பிரிவை மீறுவது. பட்டியல் சாதியினர் மருத்துவமனைக்குள்ளும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளும் நுழைவதைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தப்படி குற்றம். பட்டியல் சாதியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வழக்கறிஞர் உதவி இலவசம், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம்.

சட்டத்தில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. மனநலச் சிகிச்சையைப் பொது மருத்துவத்தோடு எல்லா மட்டத்திலும் இணைக்க வேண்டும் என்று விரிவாகச் சொல்கிறது. அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மனநோய்க்கு மருந்து கிடைக்க வேண்டும். சரி. மனநலப் பிரிவுக்குள் உடல் மருத்துவம் எப்படி வரவேண்டும் என்பதை அந்த அளவுக்கு விரித்துச் சொல்லவில்லை. சமமாக நடத்து என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. யார் எடை பார்ப்பது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எதில் எழுதுவது என்பதெல்லாம் அரசாணையில் வரவேண்டியவை. இங்கிலாந்தில் கடுமையான மனநோய் உள்ளவர்களைப் பதிவேட்டில் வைத்து வருடத்துக்கு ஒருமுறை எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகை, குடி என்று குடும்ப மருத்துவரே பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. அங்கும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை என்பது வேறு. ஆனால் பார்க்க வேண்டியது யார் என்ற கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது.

இருபது அடி தூரம்

இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். எடை பார்க்கும் மெஷின், தையல் டேப், பி.பி. கருவி, சர்க்கரை பார்க்கும் சின்ன மெஷின். நான்கும் அரசு மருத்துவமனையில் ஏற்கெனவே இருக்கின்றன. நான் போய்வரும் தாலுகா மருத்துவமனையில் மனநல மருத்துவர் உட்காரும் அறைக்கும், சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கும் செவிலியர் அறைக்கும் நடுவே இருபது அடிதான். அந்த இருபது அடியை மனநல நோட்டு வைத்திருப்பவர் கடப்பதில்லை. மனநல ஓ.பி. நடக்கிற நாளில் அந்தச் செவிலியரை வாசலில் ஒரு மேசை போட்டு உட்காரவைத்து, எண்களை எழுதிய பிறகே நோட்டை உள்ளே அனுப்பினால் போதும். சர்க்கரை இருப்பது தெரிந்தால் இரண்டு நோய்க்கும் ஒரே நாளில், ஒரே நடையில் மாத்திரை. ஒரு நாள் கூலியும் மிச்சம்.

இன்னொரு வழி வீட்டு வாசலுக்கே வருகிறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். 2024-ல் ஐ.நா. விருதும் பெற்ற திட்டம். நல்ல திட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் நான் கவனித்த ஒன்று உண்டு. வீட்டில் யார் யாருக்கு வயது என்ன, பி.பி. என்ன என்று கேட்டு எழுதும்போது, திண்ணை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளை அந்தப் பெண்ணும் கேட்பதில்லை, வீட்டாரும் சொல்வதில்லை. "அது ஒண்ணும் இல்ல, அது அப்படித்தான்" என்கிறார்கள். அது. கையில் பி.பி. கருவியோடு வந்தவர், வீட்டிலேயே அதிகம் தேவைப்படுகிறவரைத் தாண்டிப் போகிறார்.

அந்தத் தன்னார்வலருக்கு அரை நாள் பயிற்சி போதும். மனநோய் மாத்திரை சாப்பிடுகிறவரையும் பட்டியலில் சேர்க்க, மாதம் ஒருமுறை எடை பார்க்க, தாகம், ஆறாத புண், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறதா என்று கேட்க. இருமல் என்றால் சளிப் பரிசோதனை. காசநோய் உறுதியானால் சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். மனநோய் உள்ளவருக்கும் அது உண்டு. பெயரில் வங்கிக் கணக்கே இல்லை என்பதால் விட்டுப்போகக் கூடாது.

தன்னார்வலர் காலனிக்குள் வருகிறாரா, தெருமுனையில் நின்று கூப்பிட்டு மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிறாரா என்பதும் பார்க்க வேண்டியது. நம் பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர் நர்சிங் முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் நிற்கிறார்கள். காலனிக்குக் காலனியிலிருந்தே ஆள் போட்டால் என்ன?

"சர்க்கரை பணக்கார நோய், நமக்கு வராது" என்று பேசும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அண்ணல் அம்பேத்கரின் கடைசி ஆண்டுகளைச் சிதைத்ததே சர்க்கரையும் அதனால் வந்த கால் நரம்பு வலியும்தான். அதைச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.

மனநோயால் 40 விழுக்காடோ அதற்கு மேலோ பாதிப்பு என்று மருத்துவர் சான்று கொடுத்தால் மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்கும். 2016-ம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகை ஊனங்களில் மனநோயும் ஒன்று. அந்த அட்டை இருந்தால் அவரும் கூட ஒருவரும் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லாமல் போய்வரலாம். ஆளைக் கூட்டிப்போகாமல் நோட்டை மட்டும் அனுப்புவதற்கு இருக்கும் காரணங்களில் ஒன்றாவது குறையும். ராத்திரியில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

வரும் கிராம சபைக்கு எங்கள் பகுதி இளைஞர்கள் ஒரு தீர்மானம் எழுதிவைத்திருக்கிறார்கள். உங்கள் ஊரிலும் அப்படியே எழுதிக் கொடுக்கலாம். ஊராட்சியில் மனநோய்க்கு மருந்து சாப்பிடும் அனைவருக்கும், பெயரை வெளியிடாமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து அவரவர் நோட்டில் எழுத வேண்டும். மாத்திரையை வீட்டார் வாங்கினாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது ஆளை மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். அவர்களில் ஒருவர் இறந்தால், பேறுகால மரணத்தை விசாரிப்பதுபோல, எந்த வயதில், எதனால், கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டார் என்று வட்டார மருத்துவ அலுவலர் விசாரித்து எழுதிவைக்க வேண்டும். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதும் அதன் நகலைக் கேட்டு வாங்கி, ஒன்றை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இன்னொன்றை மாவட்ட மனநலத் திட்ட அலுவலகத்துக்கும் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். ரசீதை நோட்டுக்குள் ஒட்டிவையுங்கள்.